கண்ணால் பார்த்த தண்ணீர்

குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாத்திரக் கடை இருந்தது. அதன் வாசலில் ஒரு மனிதர் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான்.

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் மலையேறப் போவதற்கென்று சாமான்கள் வாங்கி வந்து கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தீர்கள். மடக்குகிற அடுப்பு, மடக்குகிற கரண்டி, பிடியில்லாத சின்னச் சட்டி. எந்தச் சட்டியை எடுப்பது, எதை விடுவது என்று உங்களுக்குள் சண்டை. எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வந்துவிட்டார். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொன்னால் பாதியில் போன் வந்தது என்று எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது இது. எங்கள் ஊர் எலப்புள்ளியில் மழை ஏமாற்றி, வயலில் வேலையில்லாமல் போன சமயம். மலைமேல் கரண்டுக் கம்பி போகிற வழியை அளந்து குறிக்க ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுத்தார். நான் போனேன். என் மச்சான் ஆறுச்சாமி வந்தான். எங்கள் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ரங்கனும் வந்தான். இன்னும் சிலரும், மலையாளியான ஒரு சூப்பர்வைசரும் சேர்ந்து ஒரு கூட்டம். குமுளியில் தொடங்கி, ஏலக்காடுகளின் வழியாகவே தேவிகுளம் பக்கம் வரை நடக்க வேண்டும். அளக்கிற சங்கிலி, கம்பு, அரிசி, சட்டி எல்லாம் எங்கள் முதுகில்தான். சாக்கின் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கல்லை வைத்துக் கட்டி, அதில் கயிறு கோத்துத் தோளில் மாட்டிக்கொள்வோம். உங்கள் பைக்கு அதுதான் பாட்டன்.

சட்டியைத் தலையில் வைத்திருந்தவர் எங்கள் சமையல்காரர். தேவிகுளம் எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். ஐம்பது வயதிருக்கும். குட்டையான உருவம், அகலமான காது. எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். பெயர் சொல்லி அவரை யாரும் அழைத்து நான் கேட்டதே இல்லை.

கடைக்காரர் கம்பம் ஊர்க்காரர். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னய்யா, தொப்பி வாங்க வந்தீகளா?"

"மழை பெஞ்சா சட்டிய எங்கன வைப்பான் சுமக்கிறவன்? தலையிலதான கவுப்பான். கண்ண மறைக்குதா, காத இடிக்குதான்னு பாக்கேன்" என்றார் அண்ணாச்சி.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பித்தளைப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதப் பாருங்க. நூறு வருசம் உழைக்கும்."

"நூறு வருசம் நீரு சுமப்பீரா?"

அதோடு பித்தளை உள்ளே போய்விட்டது. பித்தளை வேண்டாம் என்றதற்குக் கனம் மட்டும் காரணமில்லை. உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்துவிட்டால் புளி பட்டதும் களிம்பு இறங்கும், காட்டில் பூச்சு போட ஆள் கிடைக்காது என்று பிறகு வழியில் சொன்னார். காது வைத்த சட்டியையும் தள்ளிவிட்டார், காது முதுகில் குத்தும் என்று. கடைசியில் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மூன்று அலுமினியச் சட்டிகள், தட்டாகவும் பயன்படுகிற மூடிகள், திருகு மூடி போட்ட கூஜாக்கள், புளிக்குழம்புக்கென்று ஒரே ஒரு எனாமல் சட்டி. அவ்வளவையும் என் சாக்கில் போட்டு என் முதுகில் ஏற்றி, "பஸ் ஸ்டாண்ட் மட்டும் போயிட்டு வா" என்றார்.

கடைக்காரர் வாசலுக்கு ஓடி வந்தார். "யோவ், இன்னும் வெலையே பேசலய்யா. அவன் பாட்டுக்குப் போறான்?"

"வருவான். வாங்குனதுக்கு அப்புறம் குத்துதுன்னா நீரு திருப்பி எடுப்பீரா?"

நான் போய்விட்டுத் திரும்பி வந்து, "குத்தலீங்க அண்ணாச்சி" என்றேன்.

"நான் பாக்கலயே" என்றார். சொல்லிவிட்டு, நடுத்தெருவில் என் சட்டையைத் தூக்கச் சொல்லி, முதுகில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். தேயிலை எஸ்டேட் பெண்கள் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். எனக்கு இருபத்தோரு வயது. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நான் பாக்கலயே. அந்த மனிதரின் ஆயுளே அந்த ஒரு வார்த்தையில் அடங்கும். வளைவு தாண்டினால் பாலம் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னால் அதுதான் பதில். அடுத்த எஸ்டேட்டில் விறகு கிடைக்கும் என்றாலும் அதுதான். ஆறுச்சாமி ஒரு நாள் அவரை வம்புக்கு இழுத்தான்.

"ஏனுங்க அண்ணாச்சி, நெலாவுல ஆளு எறங்கிட்டாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன். பாக்கலயே."

"அப்ப உங்க பாட்டனுக்குப் பாட்டனையுந்தான் பாத்திருக்க மாட்டீங்க. அவரு இருந்தாரா இல்லீங்களா?"

அண்ணாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. "இருந்தா இருந்துட்டுப் போறாரு. அவர நான் குடிக்கவா போறேன்? தண்ணியக் குடிக்கணும்லா."

அதுதான் விஷயம். அவருடைய சந்தேகமெல்லாம் சுற்றிச் சுற்றித் தண்ணீரிடம்தான் வந்து நிற்கும். ஓடைக் கரையில் தங்கினால், நாங்கள் சாக்கை இறக்கிக் கால் நீட்டுகிற நேரத்தில் அவர் ஓடையின் போக்குக்கு எதிராக மேலே ஏறிப் போவார். மேலே லயம் இருக்கிறதா, மாடு படுத்திருக்கிறதா, ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் குடத்தை முக்குவார். துண்டை நான்காக மடித்து வடிகட்டுவார். சட்டியின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிய பிறகே அடுப்பில் ஏற்றுவார்; அப்படிச் செய்தால் கரி ஒட்டாது, துடைத்து அடுக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். பிறகு அடுப்புக்கு முன் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் கொதித்து முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு முறை அட்டை அவர் கெண்டைக்காலில் ஏறி ரத்தம் குடித்துப் பருத்துத் தானாகவே விழுந்தது. நாங்கள் சொல்லியும் அவர் குனியவில்லை. "அது குடிக்கட்டும். அதுக்குக் காச்சித்தர வேண்டாம்" என்றார்.

பகலில் வேலை இருக்கும் என்பதால் சாயங்காலம்தான் காய்ச்சுவார். மூடி வைத்தால் விடிவதற்குள் தானாக ஆறிவிடும். காலையில் கூஜாக்களில் ஊற்றித் திருகி ஆளுக்கொன்று கொடுப்பார். சமைக்கிற அரிசியைத் துணிப்பையில் போட்டு நனைத்து ரங்கனின் சாக்குக்கு மேலே கட்டிவிடுவார். நடக்க நடக்க அது ஊறி, மத்தியானம் கொஞ்சம் விறகிலேயே வெந்துவிடும். ரங்கனின் முதுகு சதா ஈரமாக இருக்கும். "அரிசி எனக்குள்ள மொளைக்கப் போகுதுங்க" என்பான்.

ரங்கனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் அந்தக் காலத்தில் அவனுக்குத் தனி டம்ளர். கடைக்கு வெளியே கம்பத்தில் மாட்டியிருக்கும். அவனே எடுத்து, குடித்து, கழுவி மாட்ட வேண்டும். மலைக்குக் கிளம்பும்போதும் சொந்த டம்ளர் ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தான். முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் டம்ளர்கள் ஒரு பக்கம் கிடந்தன. அவனுடையது மட்டும் தள்ளி ஒரு கல்லின்மேல் இருந்தது. அண்ணாச்சி வந்தார். எல்லா டம்ளரையும் பொறுக்கினார். கல்லின்மேல் இருந்ததையும் எடுத்தார். மொத்தத்தையும் கொதிக்கிற சட்டிக்குள் போட்டார். எல்லாம் ஒரே அலுமினியம், ஒரே அளவு. உள்ளே கிடந்து கடகடவென்று ஆடின.

ஆறுச்சாமி எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, இதுல என்ற டம்ளர் எதுங்க?"

"வேகுதுல்லா, அதுல ஒண்ணு."

"அதில்லீங்க... அடையாளம்..."

"எல்லாம் வெந்துட்டு வே. இனி என்னத்துக்கு அடையாளம்?"

குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்தார். காலையில் கைக்கு வந்ததை எல்லோருக்கும் கொடுத்தார். ஆறுச்சாமி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குடிக்காமல் சங்கிலி இழுக்க முடியாது. குடித்தான். ரங்கன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தான். நாலைந்து நாள் போன பிறகு எங்களைப் பார்த்தே குடிக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகு அவன் அண்ணாச்சியை விட்டு நகரவே மாட்டான். விறகு பொறுக்குவது, சாம்பல் குழைப்பது எல்லாம் அவன்தான்.

இதை மட்டும் சொன்னால் அவர் தங்கமான மனிதர் என்று முடித்துவிடுவீர்கள். அவரோடு இருப்பது சுலபமில்லை. வழியில் ஒரு ஏலத்தோட்டத்துக் கங்காணியின் மனைவி, நாங்கள் களைத்து வந்ததைப் பார்த்து ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் பாயசம் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனையோ நாள் கழித்து ஏலக்காய் மணக்கிற பாயசம். அண்ணாச்சி அதைச் சட்டியில் கொட்டி அடுப்பில் ஏற்றிவிட்டார். யார் செய்தது, எந்தத் தண்ணீரில் செய்தது, அவர் பார்க்கவில்லையே. பாயசம் களியானது. களி அடிப்பிடித்துக் கரியானது. பாத்திரத்தை வாங்கிப் போக அந்த அம்மா வந்தபோது சட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவள் சட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"எங்க கை ஆகாதோ உங்களுக்கு?"

அண்ணாச்சி "அதில்லம்மா, அதில்ல" என்று இரண்டு தரம் சொன்னார். அவள் நின்று கேட்கவில்லை. ரங்கன் அடுப்புக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தான். எரிகிற விறகை வெளியே இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தான்.

பங்குனி மாதம். ஆட்கள் இல்லாத ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தங்கியிருந்தோம். ஸ்டோர் என்றால் ஏலக்காயைக் காயவைக்கிற கட்டடம். அண்ணாச்சி சாமான் வாங்க சூப்பர்வைசரோடு குமுளிக்கு இறங்கிப் போய் வந்தார். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. வாந்தியும் பேதியும். சூரியன் மேலே ஏறுவதற்குள் ஆளே மாறிவிட்டார். கண் குழிக்குள் போய்விட்டது. கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. அவர் கையில் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

மற்ற ஆட்கள் முன்னாலேயே அடுத்த தங்கலுக்குப் போயிருந்தார்கள்; நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். சூப்பர்வைசர் ஜீப்பும் கம்பவுண்டரும் கொண்டுவரக் கீழே ஓடினார். வருவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். போகிற போக்கில் எங்களிடம் சொன்னார்: "நிறைய வெள்ளம் குடிப்பிக்கணும், கேட்டோ. உப்பிட்ட கஞ்சிவெள்ளம். மூத்திரம் போயால் பின்னே பேடிக்கண்டா." நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், மூத்திரம் போய்விட்டால் பிறகு பயமில்லை என்று அர்த்தம்.

ரங்கன் யாரையும் எதிர்பார்க்கவில்லை. ஓடையில் மேலே ஏறிப் பார்த்தான், வடிகட்டினான், காய்ச்சினான், அண்ணாச்சி செய்கிற மாதிரியே. டம்ளரில் கொண்டுவந்து அவர் வாயருகில் வைத்தான். அண்ணாச்சி டம்ளரை வெளியே தொட்டுப் பார்த்தார். விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குடிங்க அண்ணாச்சி. காச்சுன தண்ணிதானுங்க."

உதட்டை இறுக்கிக்கொண்டார். பேச அவரிடம் தெம்பு இல்லை. மறுபடி நீட்டியபோது கையால் தள்ளிவிட்டார். தண்ணீர் ரங்கனின் மடியில் கொட்டியது.

ரங்கன் டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு கல்லில் உட்கார்ந்தான். நான் பின்னாலேயே போனேன்.

"ஊருல இருக்கறதுதான் இங்கயும். நாந்தான் மறந்துட்டனுங்க. வேற யாராச்சும் காச்சிக் குடுங்க சாமி. உசுரு பெருசு" என்றான்.

அதே மனிதர்தான் அவன் டம்ளரையும் எங்கள் டம்ளரையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தவர். சாகிற நேரத்தில் ஒருவனுக்குள்ளே இருப்பது வெளியே வருமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆறுச்சாமிக்கும் அதே நினைப்புதான். போய்ப் புதுத் தண்ணீர் எடுத்துவந்து, புது விறகு வைத்து, அவனே காய்ச்சினான். அவனே கொண்டுபோய் நீட்டினான். அண்ணாச்சி டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆறுச்சாமி வெளியே வந்து ரங்கனுக்கு முன்னால் நின்றான்.

"எந்திரிடா. என்ற தண்ணியும் வேண்டாங்கறாரு. உனக்கு மட்டும் என்னடா தனியா வருத்தம்?"

ரங்கன் நிமிர்ந்து பார்த்தான். "நெசமாலுங்களா?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருடா. உனக்காவது மடியில ஊத்துனாரு. எனக்கு அதுவும் இல்ல."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அண்ணாச்சியின் நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் டம்ளர் நிறையத் தண்ணீர் இருக்க, அந்த மனிதர் எங்கள் கண்முன்னாலேயே தண்ணீரில்லாமல் செத்துவிடுவார் போலிருந்தது. மூக்கைப் பிடித்து வாயைத் திறந்து ஊற்றிவிடலாமா என்று கேட்டேன். புரையேறிவிட்டால் அதுவே ஆளை முடித்துவிடும் என்றான் ஆறுச்சாமி.

ரங்கன்தான் சொன்னான். "அவரு கண்ணுல படாம எதையும் ஒத்துக்க மாட்டாருங்க. நாம இங்க உள்ள கெடத்திப் போட்டுட்டு வெளிய காச்சறோம். தூக்கிட்டுப் போயி அடுப்புகிட்டயே வெச்சிரலாமுங்க."

இரண்டு அளவுக் கம்புகளைச் சாக்குக்குள் விட்டு அவரைப் படுக்க வைத்துத் தூக்கினோம். கனமே இல்லை. அடுப்புக்கு முன்னால் இறக்கி, அரிசி மூட்டையில் சாய்த்து உட்கார வைத்தோம். தலை நிற்கவில்லை, நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். ரங்கன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினான். குடத்தை அவருக்குக் காட்டினான். துண்டை நான்காக மடித்து அவர் கண்ணெதிரில் உதறிக் காட்டி வடிகட்டினான். சட்டியில் சாம்பல் பூசினான். ஒரு இடம் விட்டுப் போயிருந்தது. அண்ணாச்சியின் விரல் லேசாக உயர்ந்து அந்த இடத்தைச் சுட்டியது. ரங்கன் அங்கேயும் பூசினான்.

தண்ணீர் கொதித்தது. "போதுங்களா?" என்று கேட்டேன். அசையவில்லை. இன்னும் கொதித்தது. கண்ணை அந்தச் சட்டியை விட்டு எடுக்கவேயில்லை. கடைசியில் இமையை ஒரு தரம் மூடித் திறந்தார். ஆறுச்சாமி பாய்ந்து சட்டியை இறக்கினான், டம்ளரில் பாதி ஊற்றினான், இடது கையால் பக்கத்திலிருந்த குடத்தைச் சாய்த்து மீதிப் பாதிக்கு ஓடைத் தண்ணீரை விட்டு விளாவினான்.

அண்ணாச்சியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்று மாதிரித்தான் இருந்தது. ஆனால் வார்த்தை புரிந்தது.

"விளாவாதலே."

ஆறுச்சாமி குடத்தைப் பிடித்தபடியே நின்றான்.

"பச்சத் தண்ணிய... ஊத்துதீங்க. அடுப்பு... இப்பத்தான எரியுது. அதுக்குள்ள... எப்படிலே... வெதுவெதுப்பா வரும்?"

பிள்ளைகளே, எங்களைத் திட்டாதீர்கள். எங்கள் ஊரில் வெந்நீர் என்றால் விளாவினால்தான் வெந்நீர். குளிப்பதற்கானாலும், குழந்தைக்குக் கொடுப்பதற்கானாலும், அடுப்பிலிருந்து இறக்கியதும் கை தானாகப் பச்சைத் தண்ணீர்க் குடத்துக்குத்தான் போகும். இமை கொட்டுகிற மாதிரி. இத்தனை நாள் அண்ணாச்சியோடு இருந்தும் எங்களுக்கு அது உறைக்காததற்குக் காரணம், அவர் காய்ச்சியது ராத்திரி முழுக்கத் தானாக ஆறியதுதான். அவர் எப்படி ஆற்றுவார் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. ரங்கன் விளாவினான், ஆறுச்சாமி விளாவினான், நான் காய்ச்சியிருந்தாலும் விளாவியிருப்பேன். காய்ச்சாத ஓடைத் தண்ணீரைத்தான் காலையிலிருந்து பேதிக்காரருக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறோம். இவ்வளவு சீக்கிரம் தானாக ஆறியிருக்காது என்று, விரலை விட்டதுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரங்கன் மெதுவாகக் கேட்டான். "அப்ப... என்ற கையினால இல்லீங்களா?"

அண்ணாச்சி அவனைப் பார்த்தார். புரியாமல்தான் பார்த்தார். "கையா? என்ன கை?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தண்ணியச் சொல்லுதேன்லே."

ரங்கன் எழுந்து அந்த டம்ளரை வாங்கித் தூர வீசி ஊற்றினான். திரும்பி வரும்போது தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். புகை என்று நினைத்தேன்.

டம்ளர்களை மறுபடியும் வேகவைத்தோம். அண்ணாச்சியின் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அரிசியை வடித்து, அந்தக் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, இரண்டு டம்ளர்களுக்கு நடுவில் ரங்கன் டீக்கடைக்காரன் மாதிரி உயர்த்தி உயர்த்தி ஆற்றினான். ஆறுச்சாமி சட்டி மூடியால் விசிறினான். யாரும் குடத்தின் பக்கம் போகக்கூடாதென்று அதை நான் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோருக்குள் வைத்துவிட்டு வந்தேன். ரங்கன் கரண்டியில் மொண்டு நீட்டினான். அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் பாதியை வாந்தியெடுத்தார். ரங்கன் விடவில்லை. கரண்டி கரண்டியாக, நிறுத்தி நிறுத்தி, பொழுது உச்சியிலிருந்து இறங்கும்வரை கொடுத்தான். கால் இழுப்பது குறைந்தது. ஒரு தடவை, "உப்பு தூக்கல்" என்றார். ஆறுச்சாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். குறை சொல்லத் தெம்பு வந்துவிட்டதே.

வெயில் சாய்ந்து ஏலச்செடி நிழல் நீண்ட நேரத்தில், தன்னைத் தூக்கச் சொன்னார். ஆறுச்சாமி அக்குளில் கை கொடுத்துச் செடிகளுக்குப் பின்னால் கூட்டிப் போனான். நானும் ரங்கனும் அடுப்படியிலேயே நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆறுச்சாமியின் குரல் வந்தது.

"மூத்திரம் பேஞ்சுட்டாருடா. நல்லாவே பேஞ்சுட்டாரு."

ஒரு வளர்ந்த மனிதர் ஒன்றுக்குப் போனதற்கு இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ரங்கன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து நாங்கள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மிச்சமிருந்த வடித்த சோற்றை உப்புப் போட்டு மூன்று பேரும் ஒரே மூடியிலிருந்து எடுத்துத் தின்றோம்.

இருட்டுவதற்கு முன்னால் ஜீப் வந்தது. கம்பவுண்டர் நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "ஆபத்து கழிஞ்ஞு" என்றார் சூப்பர்வைசரிடம். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போதும், இப்போது ஆட்ட வேண்டாம் என்றார். என்ன சாப்பிட்டீர் என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோயில் பந்தல்ல மோர் குடுத்தாவ. சின்னப்புள்ள ஒண்ணு கொண்டாந்து நீட்டுச்சு. மாட்டேன்னா மூஞ்சி வாடிப் போவும். மோருதானன்னு குடிச்சேன்." உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "மோருலயும் தண்ணிதான ஊத்துவாவ. அதப் பாக்கலயே."

பாயசம் கொடுத்த அம்மாவின் முகம் அவருக்கும் நினைவிருந்திருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது.

கம்பவுண்டர் ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீரையும் நீட்டினார். அண்ணாச்சி மாத்திரையை வாங்கிக்கொண்டார். பாட்டிலை வாங்கவில்லை. ரங்கன் இருந்த பக்கம் கையை நீட்டினார். ரங்கன் அடுப்படியில் எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதோ ஒரு சட்டியிலிருந்து ஏதோ ஒரு டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தான். கொண்டுவந்து கொடுத்தான். அண்ணாச்சி விரல் விட்டுப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடியே வாங்கி, மூடியபடியே மாத்திரையைப் போட்டு விழுங்கி, டம்ளரை மறுபடி நீட்டினார். ரங்கன் இன்னொன்று ஊற்றினான். அதையும் அப்படியே குடித்தார்.

ஆறுச்சாமியால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "பாருங்கடா, பாக்காமயே குடிக்கறாரு."

"மெதுவாப் பேசுங்க சாமி" என்றான் ரங்கன், டம்ளரை வாங்கிக்கொண்டே. "முழிச்சாருன்னா மறுபடி முதல்ல இருந்து காச்சச் சொல்லுவாரு."